நாற்பது பிள்ளைகளும் பாடும் வகுப்பு: புதிய பள்ளி இசையாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ, செட்டிநாட்டுப் பகுதிப் பள்ளி ஒன்றில் இந்த ஜூன் மாதம் இசையாசிரியராகப் பொறுப்பேற்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் இசைக் கல்லூரியிலோ, மாவட்ட அரசு இசைப்பள்ளியிலோ, ஒரு குருவின் வீட்டிலோ பல ஆண்டுகள் முறையாகப் பயின்றிருப்பீர்கள். அங்கே உங்களோடு அமர்ந்திருந்தவர்கள் இசையை விரும்பித் தேடி வந்தவர்கள். பள்ளியில் உங்கள் முன் அமரும் நாற்பது பேரும் அட்டவணையில் மணி அடித்ததால் வந்தவர்கள். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடவேளைதான் உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே நீங்கள் கற்ற வரிசையிலேயே கற்பிக்க முயன்றால், ஆண்டு முடியும்போது ஐந்து பேர் ஜண்டை வரிசை என்னும் இரட்டைச் சுரப் பயிற்சியைத் தொட்டிருப்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குப் பாட்டு வராது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

முதல் ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்கை வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரும் ஒரே சுருதியில், ஒரே தாளத்தில், கூச்சமில்லாமல் ஐந்தாறு பாடல்களைச் சேர்ந்து பாட வேண்டும். மேடைக்குரிய இரண்டு குரல்களைக் கண்டுபிடித்து வளர்ப்பதும் உங்கள் வேலைதான் என்றாலும், அது இதற்குப் பின்னால் வர வேண்டியது.

இதை நான் தவறு செய்து கற்றேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஆண்டு விழாக் குழுப்பாடலில் சுருதி சேராமல் நின்ற ஒரு மாணவனிடம், "நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்று சொன்னேன். அவன் சொன்னபடியே செய்தான். அதற்குப் பிறகு பள்ளியை விட்டுப் போகும் வரை என் வகுப்பில் அவன் குரல் எழவே இல்லை. அவன் குரலில் குறை எதுவும் இல்லை என்பதும், நான் பிடித்திருந்த சுருதிதான் அவனுக்கு எட்டாதது என்பதும் எனக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. எனவே முதலில் சுருதியைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

சுருதியைப் பிள்ளைகளுக்காகப் பிடியுங்கள்

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; எண் ஏற ஏறச் சுருதி உயரும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடிப் பழகியிருப்பார்கள். ஆசிரியர் தமக்குப் பழகிய சுருதியிலேயே வகுப்பைத் தொடங்குவது இயல்பு. பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் பிறக்கின்றன. ஓர் ஆண் ஆசிரியர் ஒரு கட்டையில் பாடினால், பிள்ளைகளில் சிலர் அவருடைய கீழ்க்குரலையே பிடிக்க முயன்று உறுமுவார்கள். மற்றவர்கள் ஒரு ஸ்தாயி (ஏழு சுரங்கள் கொண்ட ஓர் அடுக்கு) மேலே சென்று, பஞ்சமத்தைத் தாண்டியதும் தொண்டையை இறுக்கிக் கத்துவார்கள். இரண்டுமே பிள்ளைகளின் குற்றம் அல்ல.

எட்டு முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஐந்தரை அல்லது ஆறு கட்டையில் தொடங்குங்கள். கீழ்ச் சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை அவர்கள் நெற்றி சுருங்காமல் பாட முடிகிறதா என்று முகத்தைப் பாருங்கள். பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த பாடலின் மிகத் தாழ்ந்த சுரமும் மிக உயர்ந்த சுரமும் எவை என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பாடல் மந்தர (கீழ்) ஸ்தாயிப் பஞ்சமம் வரை இறங்குமானால் சுருதியைச் சற்று உயர்த்த வேண்டும். தார (மேல்) ஸ்தாயியில் காந்தாரம் வரை ஏறுமானால் சற்றுத் தாழ்த்த வேண்டும். ஒரே சுருதியில் எல்லாப் பாடல்களையும் பாட வேண்டும் என்னும் கச்சேரி வழக்கம் வகுப்பறைக்குத் தேவையில்லை. ஆண் ஆசிரியர்கள் சங்கதியை (பாடல் வரியின் இசை அமைப்பை) முதலில் தம் கீழ்க்குரலில் மெல்லப் பாடிக் காட்டிவிட்டு, அதையே ஹார்மோனியத்தில் பிள்ளைகளின் ஸ்தாயியில் வாசித்துக் காட்டினால் குழப்பம் தீரும். இரண்டு மாதங்களில் தெளிவான குரலுள்ள ஒரு பிள்ளை கிடைத்துவிடும். அந்தப் பிள்ளையே பிறகு மற்றவர்களுக்குப் பாடிக் காட்டலாம்.

சுருதி சேராத பிள்ளை என்று ஒருவரைக் கருதுவதற்கு முன், இந்த வழியை ஒரு பருவம் முழுவதும் முயன்று பாருங்கள். அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, அவருக்கு இயல்பாக வரும் ஏதோ ஒரு சுரத்தில் "ஓ" என்று நீட்டச் சொல்லுங்கள். அந்தச் சுரத்துக்கு நீங்கள் இறங்கியோ ஏறியோ போய்ச் சேருங்கள். இரண்டு குரல்களும் ஒன்றாக ஒலிக்கும்போது உண்டாகும் அந்தச் சேர்க்கையை அவர் ஒருமுறை தம் காதால் உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு அங்கிருந்து ஒரு சுரம் மேலே, மீண்டும் கீழே என்று அவரைக் கைப்பிடித்து நடத்துங்கள். குரலை ஏற்றி இறக்கவே தெரியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குயில் கூவுவது போலக் கூவச் சொன்னால், பாட்டு என்ற அச்சம் இல்லாமல் குரல் தானாக மேலே போகும். நாளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் மற்றவர்கள் முன்னிலையில் ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். நேற்று வரை நன்றாகப் பாடியவன் இன்று பாதிச் சுரத்தில் குரல் பிசகித் தலைகுனிவான். இது எல்லோருக்கும் வருவது, சில மாதங்களில் நிலைபெறும் என்பதை வகுப்பு முழுவதற்கும் முன்பே சொல்லிவையுங்கள். அந்தக் காலத்தில் அவனுக்குக் கீழ் ஸ்தாயியில் நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் வரிகளைக் கொடுங்கள், அல்லது தாளப் பொறுப்பைக் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் வெளியே நிறுத்தாதீர்கள்.

அறையைக் கேளுங்கள்

முதல் நாள் வகுப்பறைக்குள் தனியாகச் சென்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். நம் பகுதியின் பழைய வீடுகளிலும் கூடங்களிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், சுண்ணாம்பு அரைத்து இழைத்த வழவழப்பான சுவரும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். ஒருவர் பாடினால் இனிமையாக இருக்கும் அந்த எதிரொலி, நாற்பது பேர் பாடும்போது சொற்களை ஒன்றோடொன்று குழப்பிவிடும். ஜமுக்காளம் அல்லது பாய் விரித்து, பிள்ளைகளைச் சுவரிலிருந்து தள்ளி அரைவட்டமாக அமர்த்தினாலே நல்ல மாறுதல் தெரியும். வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில்) நிகழ்ச்சி நடத்த நேர்ந்தால் நடுமுற்றத்துக்கு எதிரே அமர்த்துங்கள். வானம் திறந்திருப்பதால் ஒலி தேங்காமல் வெளியேறும். கருவிகளைப் பொறுத்தவரை சுருதிப்பெட்டி ஒன்று இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் கைப்பேசியில் தம்புரா ஒலியை இயக்கி, ஒரு சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொள்ளலாம்.

பலகையில் எழுதுவதற்கு முன் காது

புதிய பாடலைத் தொடங்கும்போது பாடல் வரிகளைப் பலகையில் எழுதிவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. எழுதிய உடனே பிள்ளைகளின் கண்கள் பலகைக்குப் போய்விடும், காது அடைந்துவிடும். முதலில் பாடலை முழுவதுமாக ஒருமுறை நன்றாகப் பாடிக் காட்டுங்கள். பிறகு ஓர் ஆவர்த்தத்துக்குள் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்குள்) அடங்கும் முதல் துண்டை இருமுறை பாடுங்கள். அதுவரை பிள்ளைகள் கேட்க மட்டும் வேண்டும். மூன்றாம் முறை அவர்கள் பாடட்டும், நீங்கள் பாடாதீர்கள். கூடவே பாடினால் உங்கள் குரலே உங்கள் காதை நிறைத்துவிடும். யார் எங்கே தவறுகிறார்கள் என்பது தெரியாது. இரண்டு துண்டுகள் தனித்தனியே தேறிய பின் அவற்றை இணையுங்கள். ஒரு பாடவேளையில் நான்கு துண்டுகளுக்கு மேல் போகாதிருப்பது நல்லது. வரிகளை எழுதிக்கொள்வது இரண்டாம் வாரத்துக்கு உரியது. அப்போதும் மூச்சு வாங்கும் இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். சொல்லின் நடுவே மூச்சு விட்டால் பொருள் முறியும். ழகர, லகர, ளகரங்களையும் குறில் நெடில்களையும் கவனிப்பதும் இசையாசிரியரின் வேலையே.

சரளி வரிசை என்னும் முதல் சுரப் பயிற்சியை எந்த இராகத்திலிருந்து தொடங்குவது என்பதில் என் கருத்து சிலருக்கு உடன்பாடாக இராது. மாயாமாளவகௌளையில் தொடங்குவது நாள்தோறும் குருவிடம் அமரும் மாணவருக்கு மிகப் பொருத்தமானது. வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டுமே பெறும் பிள்ளைக்கு அதன் நெருங்கிய ரிஷபமும் தைவதமும் நிலைப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடும். நான் மோகனத்திலிருந்து தொடங்கினேன். அதில் ஐந்தே சுரங்கள். அருகருகே ஒட்டி நின்று குழப்பும் சுரங்கள் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், நம் பிள்ளைகள் அந்த இராகத்தை ஏற்கெனவே அறிவார்கள். நாள்தோறும் காலை வழிபாட்டில் அவர்கள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து மோகனத்தில், மும்மூன்றாக எண்ணும் மூன்றன் நடையில் அமைந்தது. இராகத்தின் பெயர் தெரியாமலே அதைப் பல ஆண்டுகளாகப் பாடிவரும் பிள்ளையிடம், "உனக்கு மோகனம் தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள்; அந்த முகத்தில் வரும் மலர்ச்சியை நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

மோகனம் பழந்தமிழில் முல்லைத் தீம்பாணி என்பதையும் மேல் வகுப்புகளுக்குச் சொல்லலாம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், மாதரி ஆயர் மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயர்களையே இடுகிறாள். இதை அப்படியே வகுப்பில் செய்து பாருங்கள். ஏழு பிள்ளைகளுக்கு ஏழு சுரங்களைக் கொடுத்து வட்டமாக நிறுத்துங்கள். நீங்கள் யாரைக் காட்டுகிறீர்களோ அவர் தம் சுரத்தை மட்டும் பாட வேண்டும். மோகனத்துக்கு உழையும் (ம) தாரமும் (நி) உட்கார்ந்துவிட, மற்ற ஐவர் நிற்பார்கள். எந்த இராகத்தில் எந்தச் சுரம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் வழி எனக்குத் தெரியாது.

பலகாரத்தில் இருக்கும் தாளம்

தாளத்தைக் கையில் தொடங்காமல் நாவில் தொடங்குங்கள். நம் வீடுகளில் விசேஷங்களுக்குச் செய்யும் பலகாரங்களின் பெயர்களே இதற்குப் போதும். பெயரின் ஒவ்வோர் ஒலித்துண்டுக்கும் ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்று சமமாகச் சொல்ல வேண்டும். "ப-ணி-யா-ரம்" நான்கு, "சீ-யம்" இரண்டு, "வ-டை" இரண்டு. "பணியாரம், சீயம், வடை" என்று இடைவெளியின்றித் திரும்பத் திரும்பச் சொன்னால் எட்டு அட்சரங்கள் வரும். அதுவே ஆதி தாளம். நன்றாகச் சொல்லப் பழகிய பின் கையைச் சேருங்கள். "ப" என்னும்போது தட்டு, "ணி", "யா", "ரம்" மூன்றுக்கும் சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல்கள். "சீ" தட்டு, "யம்" வீச்சு. "வ" தட்டு, "டை" வீச்சு. இலகுவும் (தட்டும் விரல்களும்) இரண்டு துருதமும் (தட்டும் வீச்சும்) எங்கே பிரிகின்றன என்பதைச் சொற்களே காட்டிவிடும்.

"வெள்ளைப் பணியாரம்" இரண்டும் நான்குமாக ஆறு அட்சரம். ஒரு துருதமும் ஓர் இலகுவும் கொண்ட ரூபக தாளம் அதில் அப்படியே அமர்ந்திருக்கிறது. "தேன்-கு-ழல்" மூன்று, "அ-தி-ர-சம்" நான்கு. சேர்த்துச் சொன்னால் ஏழு அட்சர மிச்ரசாபு தாளம். "சீயம் முறுக்கு" என்றால் இரண்டும் மூன்றுமாக ஐந்து அட்சரக் கண்டசாபு தாளம். இவற்றை ஒரு மாதம் சொல்லிப் பழகிய பிறகு தகதிமி, தகிட, தகதகிட என்னும் சொற்கட்டுகளுக்கு மாறுங்கள். பிள்ளைகளுக்கு அவை புதிய மொழியாகத் தோன்றாது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஆதி தாளத்தையும் மறு பாதி ரூபகத்தையும் ஒரே காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) சொல்லச் செய்தால், இருபத்து நான்காம் அட்சரம் முடிந்ததும் இரண்டு பாதியும் ஒன்றாகத் தட்டில் வந்து சேரும். அந்த இடத்தில் எழும் ஆரவாரத்தை அடக்காதீர்கள். கணக்கும் இசையும் ஒன்றுதான் என்பதை அவர்கள் தாமாகவே கண்டுகொண்ட நேரம் அது.

மேல் வகுப்புகளுக்குத் திருப்புகழின் சந்தங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாடலுக்கும் "தத்த", "தன", "தான" என்று அமைந்த சந்தக் குழிப்பு உண்டு. பாடலைத் தொடாமல் சந்தத்தை மட்டும் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) போலச் சொல்லிப் பழக்கினாலே நாக்கும் காலக் கணக்கும் தெளியும். பழனிக்குச் செல்லும் தைமாதப் பாதயாத்திரையில் காவடியோடு நடப்பவர்கள் பாடிக்கொண்டே நடப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அவர்களையும் பள்ளி மைதானத்தில் அட்சரத்துக்கு ஓர் அடியாகப் பாடிக்கொண்டே நடக்கவிடுங்கள். ஓட்டமும் இழுவையும் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

பாடல்களை எங்கிருந்து எடுப்பது

பிள்ளைகளின் வீட்டிலிருந்து எடுங்கள் என்பதே என் முதல் பதில். "உங்கள் ஆயாவிடமோ ஆச்சியிடமோ ஒரு தாலாட்டோ கும்மியோ கேட்டு வாருங்கள்" என்று சொன்னால், அடுத்த வாரம் பத்துப் பாடல்களாவது வந்துவிடும். ஒரே தாலாட்டு இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகப் பாடப்படுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒப்பாரியை மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள். துக்க வீட்டுக்கு வெளியே அதைப் பாடப் பெரியவர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தை நாம் மதிக்க வேண்டும்.

நம் ஊர்களுக்கென்றே பாடப்பட்ட பாடல்களும் உள்ளன. திருப்பத்தூரும் பிரான்மலையும் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள். குன்றக்குடிக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் உண்டு. திருக்கோட்டியூரைப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். தம் ஊர்ப் பெயர் பாட்டில் வரும்போது பிள்ளைகளின் குரல் நிமிர்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை நினைவில் கொண்டு, குணங்குடி மஸ்தான் சாகிபு பாடலும் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையும் அதே மதிப்போடு பட்டியலில் இடம்பெற வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக நிற்பவர் பாரதியார். அவர் 1919ஆம் ஆண்டு காரைக்குடிக்கு வந்து, இந்து மதாபிமான சங்கத்தில் தங்கியபோது எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுப் பாடலைத் தொடங்குங்கள்.

உயர்ந்த இசை வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. வீணை உலகில் காரைக்குடி என்பது ஒரு பாணியின் பெயர். காரைக்குடி சகோதரர்களான சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் அதை நிலைநாட்டினார்கள். மிருதங்க மேதை காரைக்குடி மணி (1945-2023) இந்த ஊர்ப் பெயரோடுதான் உலகெங்கும் வாசித்தார். தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்த இராஜா சர் அண்ணாமலை செட்டியார் கானாடுகாத்தானைச் சேர்ந்தவர். ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளூர் நாதசுர, தவில் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, பிள்ளைகளுக்கு மிக அருகில் அமர்த்தி வாசிக்கச் செய்யுங்கள். கல்யாண வீட்டில் பேச்சிரைச்சலுக்கு நடுவே கேட்ட தவிலை, மூச்சடக்கி இரண்டு முழ தூரத்தில் கேட்பது முற்றிலும் வேறான அனுபவம்.

காலை வழிபாடும் விழாக்களும்

பள்ளி உங்களை முதலில் மதிப்பிடும் இடம் காலை வழிபாடு. தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அதை 55 வினாடிகளில் பாட வேண்டும். நாட்டுப்பண்ணுக்கு 52 வினாடிகள். ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அளந்து பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போவார்கள், அதற்குக் காரணம் தொடக்கச் சுருதி ஏறிப்போவதும் மூச்சு போதாமையும்தான். சுருதிப்பெட்டியோடு நின்று தொடக்கச் சுரத்தைக் கொடுக்கும் பொறுப்பை வாரம் ஒரு பிள்ளைக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள். இசைத்தட்டை ஒலிக்கவிட்டு எல்லோரும் கைகட்டி நிற்பதைவிட, சற்றுப் பிசகினாலும் பிள்ளைகளே பாடுவது மேலானது. பொது நிகழ்ச்சிகளிலும் இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்பதே அரசின் நெறியாகவும் இருக்கிறது.

கலைத் திருவிழாப் போட்டிகளுக்குச் சில பிள்ளைகளை அனுப்பித்தான் ஆக வேண்டும். அந்தப் பயிற்சியை மதிய இடைவேளையிலோ பள்ளி முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்; நாற்பது பேரின் பாடவேளையை நான்கு பேருக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு வகுப்பு முழுவதும் பாடும் பாடல் ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். தேர்வு நெருங்கும்போது மற்ற ஆசிரியர்கள் உங்கள் பாடவேளையைக் கேட்பார்கள். முகம் கோணாமல் கொடுங்கள், அதே வாரத்தில் வேறொரு வேளையை அவர்களிடமிருந்து மறக்காமல் திரும்பப் பெறுங்கள். இரண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் மனத்தாங்கல் வராது.

உங்கள் தொண்டையையும் காத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் ஆறு பாடவேளை இரைச்சலுக்கு மேல் குரல் எழுப்பிப் பேசினால் மூன்றே மாதங்களில் குரல் கரகரத்துவிடும். வகுப்பை அமைதிப்படுத்தக் குரலைப் பயன்படுத்தாமல், ஒரு சொற்கட்டைக் கையால் தட்டுங்கள். கேட்டவர்கள் அதைத் திரும்பத் தட்ட வேண்டும் என்று பழக்கிவிட்டால், இரண்டாம் தட்டிலேயே அறை அடங்கிவிடும். இடையிடையே வெந்நீர் குடியுங்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, குறிப்பேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் அவருக்கு வசதியான சுருதி, கற்ற பாடல்கள், குரல் உடையத் தொடங்கியிருந்தால் அந்த விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். இந்த ஆண்டு முழுவதும் நீங்கள் தனியாகக் குரல் கேட்காத பிள்ளைகளின் பெயர்களையும் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த ஜூனில் நீங்களே திரும்பி வந்தாலும், உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்தாலும், முதல் வாரத்தில் அழைக்க வேண்டியவர்கள் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள்தான்.